நாட்டுப்புறத் தொழிலும் அதன் நலன்களும்

"கெட்டும் பட்டணம் சேர்" என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு பழமொழி. ஊரில் பொருளிழந்து நின்றவனும் பட்டணம் புகுந்தால் எவ்வாறேனும் பிழைத்துக்கொள்வான் என்பது அதன் கருத்து. பிழைப்புத் தேடுவோனுக்கு மட்டுமன்றித் தொழில் தொடங்குவோனுக்கும் இதுவே வழியென்று பலர் எண்ணுகின்றனர். கையில் முதல் உடையவன் சென்னையையோ கோயம்புத்தூரையோ நாடுகிறான். கல்வி முடித்த இளைஞன் அவன் பின்னே செல்கிறான். இவ்விருவரும் நீங்கிய ஊர் என்னாயிற்று என்று வினவுவார் சிலரே. பட்டணமே தொழிலுக்குரிய இடம் என்னும் இவ்வெண்ணம் எவ்வளவு பொருத்தமுடையது? முழுப் பட்டணமும் ஆகாமல், முழுச் சிற்றூரும் ஆகாமல், இடைப்பட்டு நிற்கும் ஊர்களில் தொழில் நிறுவுவதால் விளையும் நலன்கள் யாவை? அவற்றுள் நிலைப்பன எவை, நிலையாதன எவை? இவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய முற்படுகின்றோம்.

பொதுவாகப் பேசிச் செல்வதினும் ஓரூரைக் கண்முன் நிறுத்திப் பேசுதல் தெளிவு தரும். ஆதலின் அரியலூர் மாவட்டத்துச் செந்துறையை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். இஃது அரியலூருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒரு வட்டத்தின் தலைமையிடம். வட்டாட்சியர் அலுவலகமும் கடைவீதியும் இருப்புப்பாதை நிலையமும் உடையது. ஆயினும் ஊரை விட்டுச் சிறிது தொலைவு சென்றால் கொல்லைகளும் முந்திரித் தோப்புகளுமே எதிர்ப்படும். இவ்வட்டாரம் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1995-ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டம் தனியே பிரிந்தது. அதினின்று அரியலூர் மாவட்டம் 2001-ஆம் ஆண்டில் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் இணைக்கப்பெற்று, 2007-ஆம் ஆண்டில் நிலையாகத் தனி மாவட்டம் ஆயிற்று. காவிரிப் பாசனத்தின் செழுமை செந்துறைக்கு இல்லை. வடக்கே வெள்ளாறு ஓடினும், நிலத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியே. மக்காச்சோளம், பருத்தி, எள், நிலக்கடலை, முந்திரி ஆகியவை இங்கே விளைகின்றன. புறத்தோற்றத்தை மட்டும் நோக்குவார்க்கு, "இங்கே என்ன தொழில் வரப்போகிறது?" என்றே தோன்றும். ஆயினும் தமிழ்நாட்டுச் சிமெண்டுத் தொழிலின் நிலைக்களங்களுள் தலைசிறந்தவற்றுள் இவ்வட்டாரம் ஒன்று. அஃது ஏன் என்று கண்டால், நாட்டுப்புறத் தொழிலின் இயல்பு பெரும்பாலும் விளங்கிவிடும்.

முதலாவது நலன், சுமைகூலி குறைதல். "சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்காற்பணம்" என்று நம் பாட்டிமார் சொல்வது வழக்கம். பொருளின் விலையினும் அதனைச் சுமந்து செல்லும் செலவு மிகுமாயின் அவ்வாணிபம் உருப்படாது என்பது இதனால் பெறப்படும். ஜெர்மனி நாட்டுப் பொருளியலறிஞர் ஆல்பிரெட் வெபர் என்பார் 1909-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், தொழிற்சாலைகள் எங்கெங்கு அமையும் என்பதற்கு வகுத்த விதியும் இப்பழமொழியோடு ஒத்து நிற்கிறது. மூலப்பொருளின் எடை செய்பொருளின் எடையினும் மிகுமாயின், தொழிற்சாலை மூலப்பொருள் கிடைக்கும் இடத்தை நோக்கி இழுக்கப்படும். இரண்டும் ஏறக்குறைய ஒத்திருப்பினும், செய்யுந்தோறும் எடை கூடினும், அது விற்பனையாகும் நகரத்தை நோக்கி இழுக்கப்படும். கரும்பை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ கரும்பிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ சர்க்கரையே கிடைக்கிறது. எஞ்சிய 90 கிலோவை நகரம்வரை சுமப்பவன் அறிவுடையோன் ஆகான். ஆகவேதான் பெரம்பலூர்ச் சர்க்கரை ஆலை எறையூர் என்னும் சிற்றூரில், கரும்புக் கொல்லைகளுக்கு அண்மையில் நிற்கிறது.

செந்துறையின் நிலத்தடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல்லும் இத்தகையதே. ஏறத்தாழ பத்துக்கோடி ஆண்டுகள் முதல் ஆறரைக்கோடி ஆண்டுகள் வரை முற்பட்ட காலத்தில், கடல் பன்முறை இவ்வட்டாரத்தின்மேல் ஏறியும் இறங்கியும் வந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பி, நத்தை முதலியவற்றின் ஓடுகள் அடியில் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல்லாயின. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர் 1862-ஆம் ஆண்டில் இப்பாறைகளைக் குறித்து விரிவாக எழுதினார். அன்று அறிஞர்க்கு மட்டும் விருந்தாயிருந்த கல், பின்னர்த் தொழிலாளர்க்கு உணவளிக்கும் கல்லாயிற்று.

சிமெண்டு செய்யும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். சுண்ணாம்புக்கல்லையும் களிமண் போன்ற பிற பொருளையும் அரைத்துக் கலந்து, சுழலும் நெடிய சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடுவர். கட்டி கட்டியாக வெளிவருவதே கிளிங்கர். அதனோடு சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்டு ஆகும். தூய சுண்ணாம்புக்கல் 100 பங்கைச் சுடும்போது 44 பங்கு கரியமிலவாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. 56 பங்கே எஞ்சுகிறது. ஆதலின் 1 டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் கல் வேண்டும். இக்கல்லைச் சென்னைக்கு ஏற்றிச் சென்று அங்கே சுடுவதென்பது, காற்றில் கலந்துவிடும் வாயுவுக்கு வண்டிக்கூலி கொடுப்பதேயாகும். சூளைக்கு வேண்டும் நிலக்கரி வெளியிலிருந்து வரவேண்டியதே. ஆயினும் கல்லின் எடையோடு ஒப்பிட அதன் எடை மிகச் சிறிது. ஆகவே கரி கல்லை நாடி வருகிறது. கல் கரியை நாடிச் செல்வதில்லை.

இவ்விதியின் வழியே ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இவ்வட்டாரத்திற்கு வந்தன. தெற்கே கல்லக்குடியில் 1939-ஆம் ஆண்டில் டால்மியா ஆலை தோன்றியது. அரசின் தமிழ்நாடு சிமெண்டுக் கழகம் 1979-ஆம் ஆண்டில் அரியலூரில் ஆலை நிறுவியது. செந்துறை வட்டத்திலேயே ஆலத்தியூரில் ராம்கோ ஆலை 1997-ஆம் ஆண்டில் தொடங்கியது. இந்தியா சிமெண்ட்ஸ் என்னும் பெயரால் அறியப்பட்ட தளவாய் ஆலையும் இவ்வட்டத்தைச் சேர்ந்ததே. நாட்டுப்புறத்தின்மேல் இரக்கங்கொண்டு எவரும் இங்கே வந்திலர். கல் அழைத்தது, வந்தனர். இவ்வுண்மையை மறவாதிருத்தல் நலம்.

இரண்டாவது நலன், நெடும்பாதையின்மேல் இருத்தல். கல் இருந்தும் பாதை இல்லையாயின் அது நிலத்தடியிலேயே கிடக்கும். சென்னையினின்று திருச்சிராப்பள்ளிக்கு இருப்புப்பாதை வழியே செல்வோர் முற்காலத்தில் சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிச் செல்ல நேர்ந்தது. 1920-களின் பிற்பகுதியில் விழுப்புரத்தினின்று விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு ஒரு குறுக்குப் பாதை போடப்பெற்றது. கார்டு லைன் என்று மக்கள் வழங்குவது இதுவே. இதனை வகுத்தோர் இரு பெருநகர்களை விரைவில் இணைக்கக் கருதினரேயன்றிச் செந்துறையைக் கருதினர் என்பதற்கில்லை. ஆயினும் இடையில் இருந்த செந்துறைக்கும் அதன் பயன் கிடைத்தது. குறும்பாதையாக இருந்த அது, பின்னர் அகலப்பாதையாகி, இருவழியாகி, மின்மயமும் ஆயிற்று. சரக்கு வண்டிகள் சிமெண்டை ஏற்றிச் செல்கின்றன. துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரி ஆலைகளை வந்தடைகிறது. ஆகவே தொழில் நிறுவ இடம் தேடுவோன், ஊரின் பருமையை நோக்குதல் வேண்டா. அவ்வூர் எவ்வழியின்மேல் இருக்கிறது, அவ்வழி எந்நகரத்திற் சென்று முடிகிறது என்பதையே நோக்கவேண்டும்.

மூன்றாவது நலன், இடப்பரப்பு. சூளைக்கும் குவியலுக்கும் களத்திற்கும் கிடங்கிற்கும் பரந்த நிலம் வேண்டும். நகரத்தில் ஒரு மனைக்குக் கொடுக்கும் விலைக்கு நாட்டுப்புறத்தில் ஒரு தோட்டமே வாங்கலாம். தொழில் வளருந்தோறும் பக்கத்தில் விரிந்துகொள்ளவும் இடமுண்டு. நிலத்தின் மலிவை நலன்களுள் ஒன்றாக எல்லோரும் எண்ணுவர், யாமும் எண்ணுகின்றோம். ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறவேண்டியுள்ளது. வாங்குவோனுக்கு மலிவாகத் தோன்றும் நிலம், விற்போனுக்கு அவன் வாழ்வின் முழு முதலாகும். இம்மாவட்டத்திலேயே ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரி தோண்டி மின்சாரம் செய்வதற்கென்று 1990-களில் உழவர்களிடமிருந்து நிலம் எடுக்கப்பட்டது. திட்டமோ நடைபெறவில்லை. உழவர் நெடுங்காலம் வழக்காடினர். இறுதியில் நிலத்தை உரியவர்க்கே திருப்பியளிக்க அரசு முடிவு செய்தது. இடையிற் கழிந்த ஆண்டுகளைத் திருப்பியளிப்பார் யார்? நிலம் மலிவு என்பதற்காக வேண்டுவதினும் மிகுதியாகப் பற்றிக்கொள்ளுதல், தொழிலுக்கும் ஊருக்கும் தீராப்பகையை விளைக்கும்.

நான்காவது நலன், மக்கள். இதுவே நான்கினுள் தலையாயது என்பது எம் கருத்து. நகரத்துத் தொழிலாளி பெரும்பாலும் வெளியூரினன். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, இன்று ஓர் ஆலையிலும் நாளை மற்றோர் ஆலையிலும் வேலை செய்வான். நாட்டுப்புறத்துத் தொழிலாளியோ சொந்த வீட்டில், சுற்றத்தார் நடுவில் இருக்கிறான். காணி நிலமேனும் ஓரிரு ஆடுமாடேனும் அவனுக்கு உண்டு. வேலை ஊருக்கருகில் கிடைக்குமாயின் அவன் அதனை எளிதில் விடான். பழகிய கை நிலைத்து நிற்பது முதலாளிக்குப் பெரும்பேறு. வாடகையும் போக்குவரத்தும் மிச்சமாதலின், நகரத்தில் பெறுவதினும் சிறிது குறைந்த ஊதியமும் இங்கே மிகுதியாக உதவும். பட்டணம் சென்று தங்கி வேலை பார்க்க இயலாத பெண்களும், வீட்டிலிருந்து சென்று மாலையில் மீளத்தக்க வேலையாயின் மகிழ்ந்து ஏற்பர். பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் 2023-ஆம் ஆண்டில் காலணித் தொழிற்சாலை திறக்கப்பெற்றது இத்தகைய கைகளை நம்பியே.

இங்கே ஒரு வேற்றுமையை நுணுகி அறியவேண்டும். வாழ்க்கைச் செலவு குறைவாதலின் ஊதியம் நன்கு உதவுகிறது என்பது வேறு. ஏழைக்கு வேறு போக்கில்லையாதலின் குறைந்த கூலிக்கு உடன்படுவான் என்பது வேறு. முன்னது இடத்தின் நலன். பின்னது இடத்தின் வறுமையில் பெற்ற ஊதியம். முன்னது நிலைக்கும், பின்னது திருப்பூருக்கு ஒரு பேருந்து புறப்படும் நாள்வரையே நிற்கும். கூலிக்குறைவு ஒன்றையே நம்பி நாட்டுப்புறம் வந்த தொழில், அதனினும் கூலி குறைந்த ஊரைக் கண்டவுடன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும்.

மக்களே ஓரிடத்தின் செல்வம் என்பதற்குத் தென்காசி சான்றாகும். கணினிக்கு மென்பொருள் எழுதும் ஜோஹோ நிறுவனம், 2011-ஆம் ஆண்டில் தென்காசிக்கு அண்மையிலுள்ள மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் அலுவலகம் திறந்தது. சிமெண்டுக்கு நேர்மாறான தொழில் இது. சுமப்பதற்குக் கல்லும் இல்லை, கரியும் இல்லை. செய்பொருள் கம்பிவழியே நொடியில் உலகம் சுற்றுகிறது. எடையே இல்லாத பொருளுக்குச் சுமைகூலியும் இல்லை. ஆகவே அத்தொழில் எங்கும் இருக்கலாம். எங்கும் இருக்கத்தக்க தொழில், அறிவுடைய இளைஞர் தம் ஊரிலேயே வாழ விரும்பும் இடத்தில் ஏன் இருத்தலாகாது என்று அந்நிறுவனத்தார் எண்ணினர். ஆக, மிகப் பாரமான பொருள் தொழிலை நாட்டுப்புறத்திற்கு இழுக்கிறது. பாரமே இல்லாத பொருள் தொழிலை நாட்டுப்புறத்திற்கு வரவிடுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதொரு தொழில் செந்துறைக்கு உண்டாயின் அஃது எது?

முந்திரியே என்பது எம் விடை. போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டிலிருந்து கொணர்ந்த இம்மரம், இவ்வட்டாரத்துச் செம்மண்ணில் தன் பிறந்தகத்தில் இருப்பதுபோலவே செழித்து வளர்கிறது. கோடைக்காலத்தில் கொட்டை பொறுக்குவர். அதனை அவித்தோ வறுத்தோ, ஓடு உடைத்து, உலர்த்தி, உள்தோல் உரித்து, முழுப்பருப்பு வேறு, உடைந்தது வேறு எனத் தரம் பிரிப்பர். ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 வரை எண்ணிக்கை நிற்கும் முழுப்பருப்பை டபிள்யூ 320 என உலகச் சந்தையில் வழங்குவர். பருப்பு உடையுமாயின் விலையும் உடைந்துவிடும். ஆகவே இத்தொழிலில் ஊதியம் ஈட்டுவது உடைக்கும் கையின் திறமே.

இத்தொழிலை மேற்கூறிய அளவுகோல்களால் அளந்து பார்ப்போம். 100 கிலோ கொட்டையில் பருப்பு ஏறத்தாழ கால்பங்கே. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி ஓடு. கொட்டையாகவே வெளியூருக்கு ஏற்றினால், முக்காற்பங்கு ஓட்டுக்குச் சுமைகூலி கொடுக்கிறோம் என்பது பொருள். அவ்வோடும் வீணன்று. அதிலிருந்து எடுக்கும் எண்ணெய் வண்ணப்பூச்சுக்கும், வண்டிகளின் பிரேக்குக்கும் பயன்படுகிறது; எண்ணெய் எடுத்த ஓடு அடுப்பெரிக்க உதவும். முந்திரிப்பழமோ பறித்த ஓரிரு நாளிலேயே அழுகிவிடும். தோப்பின் அருகில் தொழிற்சாலை இருந்தாலன்றிச் சாறாகவோ பாகாகவோ அதனை ஆக்க இயலாது. உடைத்தலும் தோலுரித்தலும் வீட்டருகே பெண்கள் செய்யத்தக்க வேலை. அறிவுத்துணைக்கும் குறைவில்லை. இதே இருப்புப்பாதையில் வடக்கே உள்ள விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வி.ஆர்.ஐ. 3 என்னும் நல்ல முந்திரி இனம் அங்கே உண்டாயதே.

இத்துணை இருந்தும், முந்திரி உடைக்கும் தொழிலுக்குப் பெயர்பெற்றது கடலூர் மாவட்டத்துப் பண்ணுருட்டியே, கேரளத்தில் கொல்லம். ஏன் எனின், முதற்கண் தொடங்கிய இடத்தில் தொழில் வேரூன்றிவிடுகிறது. வாங்குவோர், விற்போர், இயந்திரம் பழுதுபார்ப்போர், கடன் கொடுப்போர், தரமறிந்த கண்ணுடையோர் எல்லோரும் அங்கேயே கூடிவிடுகின்றனர். கொல்லத்து ஆலைகள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொட்டை வருவித்தும் உடைக்கின்றன. மூலப்பொருள் அருகிலிருப்பது மட்டும் போதாது. பழக்கம் என்னும் பாரமும் தொழிலை ஓரிடத்தில் இருத்தி வைக்கிறது என்பதை இதனால் அறிகிறோம்.

ஆதலின் நாட்டுப்புறத்தின் குறைகளையும் மறையாது கூறுதல் கடன். ஓர் இயந்திரத்தின் சிறு உறுப்பு முறிந்தால் நகரத்தில் அடுத்த தெருவில் கிடைக்கும். இங்கே ஒரு நாள் வேலை கெடும். முந்திரிக்கொட்டை ஆண்டில் சில மாதங்களே கிடைக்குமாதலின், ஆண்டு முழுவதும் ஆலை நடக்கவேண்டுமாயின் பருவத்திலேயே வாங்கிக் கிடங்கில் வைக்கவேண்டும். அதற்குப் பெருமுதல் தேவை. தேர்ந்த கணக்கரும் பொறியாளரும் தம் மக்களின் கல்வியையும் மருத்துவத்தையும் கருதி நகரத்தை விட்டு வரத் தயங்குவர். பின்தங்கிய மாவட்டங்களில் தொழில் நிறுவுவோர்க்கு அரசு மிகுதியான சலுகை அளிப்பது இக்குறைகளை ஈடுசெய்யவே. ஆயினும் சலுகை ஊன்றுகோல் போன்றது. ஊன்றுகோலை நம்பி மலையேறுதல் ஆகாது.

இக்குறைகளை வெல்லலாகும் என்பதற்குச் சிவகாசியின் வரலாறு துணை நிற்கிறது. அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922-ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று, மறு ஆண்டில் தம் ஊரில் அதனைத் தொடங்கினர். சிவகாசியில் தீக்குச்சிக்குரிய மரம் விளைவதில்லை. ஈரமில்லாத வானிலையும், வேலைக்கு ஏங்கிய மக்களுமே அங்கிருந்த மூலதனம். தீப்பெட்டி பட்டாசை அழைத்தது. பெட்டிமேல் ஒட்டும் படம் அச்சுத்தொழிலை அழைத்தது. ஒரு தொழில் மற்றொன்றுக்குத் தாயாயிற்று. அதனோடு ஒரு பழியும் வந்தது: சிறுவர் பலர் பள்ளியை விட்டுத் தீப்பெட்டி வேலைக்குச் சென்றனர். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இத்தகைய வேலைகளில் அவர்களை அமர்த்துவதைத் தடுத்தது. தொழில் ஊருக்கு வருவது நன்று. ஊரின் பிள்ளைகளை விலையாகக் கேட்டு வருவது நன்றன்று. சிவகாசி கற்பிக்கும் இரு பாடங்களையும் சேர்த்தே கற்கவேண்டும்.

இனி, செந்துறையை நினைப்பார் எவரும் தள்ளிவிடலாகாத ஒன்றைக் கூறுவோம். சுண்ணாம்புக்கல் நெல்லைப்போல் ஆண்டுதோறும் விளைவதன்று. எடுக்க எடுக்கக் குறைவது. கடல் பலகோடி ஆண்டுகளில் சேர்த்ததை ஆலைகள் சில தலைமுறைகளில் எடுத்துவிடும். கல் தீர்ந்தபின் ஆலைக்கு இவ்வூரில் வேலை இல்லை. எஞ்சுவது ஆழமான பள்ளங்களே. இப்பொழுதும் லாரிகளின் புழுதியும் நெருக்கமும் சாலையோரத்து மக்களுக்குத் தொல்லை தருகின்றன. 2015-ஆம் ஆண்டில் சுரங்கச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, கனிமம் எடுப்போர் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையோடு, அதில் ஒரு பங்களவு தொகையை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் கூடுதலாகச் செலுத்தவேண்டும். 2015-க்கு முற்பட்ட குத்தகைகளுக்கு அது நூற்றுக்கு 30 பங்கு வரை ஆகும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் நன்மைக்கே அப்பணம் செலவாதல் வேண்டும். அதனைக் குடிநீருக்கும் சாலைக்கும் செலவிடுவதோடு நில்லாமல், கல் தீர்ந்தபின்னும் தீராத கைத்திறனை ஊராருக்குக் கற்பிப்பதற்கும் செலவிடுதல் அறிவுடைமையாகும். முதல் தொழில் வாழும்போதே இரண்டாம் தொழிலுக்கு வித்திடவேண்டும். முதலாவது மாண்டபின் வித்திட முதலும் இராது, ஆளும் இரார்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். நாட்டுப்புறத்தில் தொழில் தொடங்க எண்ணுவோன் தன்னைத்தானே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளல் வேண்டும். நான் சுமக்கவேண்டிய பாரம் எது, அஃது இவ்விடத்தில் குறைகிறதா? இவ்வூர் மக்களிடம் உள்ள எத்திறத்தை நான் நம்பி வருகிறேன், அத்திறம் என்னால் வளருமா தேயுமா? நாளை நிலமும் கூலியும் விலை உயர்ந்தபின்னும், சலுகை நீங்கியபின்னும், நான் இங்கே இருக்கக் காரணம் உண்டா? இம்மூன்றிற்கும் தக்க விடை கூறவல்ல தொழிலே நாட்டுப்புறத்தில் நிலைக்கும். ஆலத்தியூரின் சிமெண்டு முதற்கேள்விக்கு நன்கு விடை கூறுகிறது; மூன்றாவதற்குக் கல் உள்ளவரையே விடை கூறும். கூலிக்குறைவை மட்டும் நாடிவரும் தொழிலோ மூன்றாவதில் தோற்றுவிடும். செந்துறையில் உடைக்கப்படும் முந்திரி, முதலும் பொறுமையும் வாய்க்குமாயின், மூன்றிற்கும் விடை கூறத்தக்கது. ஏனெனில் மரம் ஆண்டுதோறும் காய்க்கும், கையும் ஆண்டுதோறும் தேறும்.

மாணவ நண்பர்காள்! நம்முள் பலர் இத்தகைய ஊர்களிலிருந்தே கல்லூரிக்கு வந்தோம். பட்டம் பெற்றபின் எங்கே செல்வது என்னும் கேள்வி நம் முன் நிற்கிறது. பட்டணம் செல்வோரை யாம் குறைகூறவில்லை. அங்கே கற்கவேண்டியன உள. சிவகாசியார் இருவரும் கல்கத்தா சென்றே தொழில் கற்றனர். ஆயினும் கற்றதைக் கொண்டு அவர்கள் ஊருக்கு மீண்டனர் என்பதே அவ்வரலாற்றின் உயிர்நிலை. கொட்டையை ஓட்டோடு ஏற்றியனுப்பும் ஊர் சுமைகூலியை இழக்கிறது. கற்ற பிள்ளைகளை ஏற்றியனுப்பி ஒருவரையும் திரும்பப் பெறாத ஊரோ தன் முதலையே இழக்கிறது. கெட்டவன் பட்டணம் சேரட்டும். கற்றவர் சிலரேனும் ஊர் சேர்வாராக.